தீயலில் குறைந்த தேங்காய்

"மக்ளே, தீயலுக்கு இப்போ தேங்கா வறுக்கதே இல்லியா?"

புதன்கிழமை மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மை கேட்டாள். அன்றைக்கு உள்ளித் தீயல். எங்கள் நாகர்கோவில் பக்கம் தீயல் என்றால் தேங்காய்தான். திருவிய தேங்காயைச் சிறு தீயில் போட்டு, கை ஓயாமல் கிளறி, காப்பிப்பொடி நிறம் வரும்வரை வறுக்க வேண்டும். கூடவே மல்லியும் வற்றல் மிளகாயும் நாலு நல்லமிளகும். எல்லாவற்றையும் எண்ணெய் கக்கும்வரை அரைத்துப் புளிக்கரைசலில் விட்டுக் கொதிக்க வைத்தால், வற்றி வரும்போது மேலே எண்ணெய் தெளிந்து நிற்கும். எங்கள் வீட்டில் ஒரு தடவை தீயல் வைக்க ஒரு முறி, அதாவது பாதித் தேங்காய் வேண்டும். ஆடி மாதத்திலிருந்து நான் அரை முறிதான் போடுகிறேன். குழம்பு நீர்த்துப் போகாமலிருக்க மல்லியைக் கொஞ்சம் கூட்டி, ஒரு கரண்டி அரிசியையும் சேர்த்து வறுத்துவிடுவேன். நாலு மாதமாக அம்மை ஒன்றும் சொல்லவில்லை. 76 வயது நாக்கு. முதல் நாளே தெரிந்திருக்கும். விலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இத்தனை நாள் பேசாமல் சாப்பிட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதே நாள், 2025 நவம்பர் 12, சாயங்காலம் போனில் ஒரு செய்தி வந்தது. அக்டோபர் மாதத்துக்கான சில்லறை விலைப் பணவீக்கம் 0.25 விழுக்காடு. 2012ஐ அடிப்படை ஆண்டாக வைத்துக் கணக்கிடும் இந்த வரிசையில் அதுவரை இதைவிடக் குறைந்த எண் வந்ததே இல்லையாம். உணவுப் பொருட்களை மட்டும் தனியே எடுத்தால் போன வருடத்தைவிட விலை 5 விழுக்காடு இறங்கியே இருக்கிறது.

அந்த எண் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. என் சந்தைப் பையே அதற்குச் சாட்சி. போன அக்டோபரில் வடசேரி சந்தையில் தக்காளி கிலோ 70 ரூபாய்க்கு வாங்கினேன், இந்த அக்டோபரில் 28. பல்லாரி வெங்காயம் 60லிருந்து 25க்கு வந்திருக்கிறது. துவரம்பருப்பு 170ஐத் தொட்டு நின்றது, இப்போது 115. போன வருடம் இதே மாதத்தில் பணவீக்கம் 6.21 விழுக்காடு, காய்கறி மட்டும் 42 விழுக்காடு ஏறியிருந்தது. அப்படி ஒரு உச்சத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வருடம் காய்கறி 27 விழுக்காடு இறங்கியதாகத் தெரிகிறது. வடக்கே ஒரு வீட்டில் தினமும் பருப்பும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் சமைப்பவர்களுக்கு இது உண்மையிலேயே மூச்சு விடக் கிடைத்த மாதம். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் என் அடுக்களையில் எல்லாமே தேங்காய். காலையில் புட்டுக்குத் தேங்காய்ப்பூ. அவியலுக்கு அரைக்க, துவரனுக்குத் தூவ, மீன்குழம்புக்கு மையாக அரைக்க, கடைசியில் தாளிக்க, சனிக்கிழமை தலைக்குத் தேய்க்க என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மரம்தான். 1956 நவம்பர் 1ஆம் தேதி எங்கள் மாவட்டம் திருவிதாங்கூர் கொச்சியிலிருந்து பிரிந்து, அன்றைக்குச் சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அப்போது அம்மைக்கு ஏழு வயது. அம்மையின் அம்மை எந்த எண்ணெயில் கடுகு தாளித்தாளோ அதே எண்ணெயில்தான் நானும் தாளிக்கிறேன்.

ஓணத்துக்கும் தீபாவளிக்கும் வீட்டிலேயே ஏத்தங்காய் உப்பேரி, அதாவது நேந்திரங்காய் சிப்ஸ், போட்டு விற்கிறேன். அதனால் எண்ணெய் வாங்கிய சீட்டு எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது. அன்று ராத்திரி அதைக் கவிழ்த்துத் தேதிவாரியாக அடுக்கினேன்.

2024 ஆகஸ்ட் மாதச் சீட்டில் செக்குத் தேங்காயெண்ணெய் கிலோ 200 ரூபாய். தீபாவளி சமயத்தில் 245. 2025 மார்ச்சில் 290. அப்புறம் ஜூன், ஜூலையில்தான் அது ஓட ஆரம்பித்தது. ஜூன் முதல் வாரம் 370, ஜூலை மூன்றாவது வாரம் 460. செக்குக்கார அண்ணாச்சி விலைப் பலகையில் சாக்பீஸால் எழுதுவதையே நிறுத்திவிட்டார். "நீங்க கேளுங்கம்மா, நான் வாயால சொல்லுகேன்" என்றார். போன வாரம் வாங்கியது 410. தேங்காயும் அப்படித்தான். கிலோ 36க்கு வாங்கியது ஆடியில் 78க்குப் போனது.

எங்கள் வீட்டில் நான், அவர், அம்மை, வாரக் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து வந்துபோகும் மகன். மாதம் மூன்று கிலோ எண்ணெய், பன்னிரண்டு கிலோ தேங்காய் என்பது எத்தனையோ வருடமாக மாறாத கணக்கு. போன வருடம் ஆவணியில் இதற்கு 1,032 ரூபாய் ஆனது. இந்த வருடம் ஆடியில் அதே எண்ணெய்க்கும் அதே தேங்காய்க்கும் 2,316 ரூபாய். சாப்பாட்டுக்கு மாதம் 11,000 ரூபாய் போலச் செலவு செய்யும் வீட்டில் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒன்றுக்கே போகிறது. தக்காளியிலும் பருப்பிலும் மிச்சமான பணம் இதில் பாதியைக்கூட அடைக்கவில்லை.

விலைவாசிக் கணக்குக்கு நாடு முழுவதுக்கும் சேர்த்து ஒரு கூடை வைத்திருக்கிறார்கள். அதில் எண்ணெய், கொழுப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து 2012 வரிசையில் கொடுத்திருந்த இடம் 3.56 விழுக்காடு. கடுகெண்ணெய், கடலையெண்ணெய், சூரியகாந்தி, வனஸ்பதி எல்லாம் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கின்றன. அதில் தேங்காயெண்ணெய்க்கு எவ்வளவு மிஞ்சும்? எல்லை ஊரான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்கென்று தனியாக ஒரு எண் வருகிறது. அக்டோபரில் அது 8.56 விழுக்காடு, நாட்டிலேயே அதிகம். தேங்காயும் தேங்காயெண்ணெயும்தான் அதற்குப் பெரிய காரணம். அங்கே எல்லா வீட்டிலும் இதே சமையல் என்பதால் அவர்களுடைய எண்ணில் அவர்களுடைய அடுக்களை தெரிகிறது. இந்தப் பக்கம் நாங்கள் தமிழ்நாட்டுக் கணக்கில் இருக்கிறோம். நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் ஊற்றிச் சமைக்கும் அத்தனை மாவட்டங்களோடு சேர்த்துச் சராசரி போட்டால், குமரி மாவட்டத்துச் சட்டி அதில் எங்கே தெரியும்? பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரம். அந்தப் பக்கம் ஒரு அம்மை துவரன் வைத்தால் அது கணக்கில் ஏறுகிறது, இந்தப் பக்கம் என் அம்மை வைத்தால் கரைந்துபோகிறது.

வீடுகள் என்ன வாங்கின என்று 2011-12ல் எடுத்த கணக்கை வைத்துத்தான் இந்தக் கூடையை நிரப்பியிருந்தார்கள். என் மகன் அப்போது ஒன்றாம் வகுப்பு. 2026 பிப்ரவரியிலிருந்து 2024ஐ அடிப்படையாக வைத்துப் புதிய வரிசை என்று அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் எண்ணிக்கை புதிதானாலும் நாட்டுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என்றுதான் வரும். மாவட்டத்துக்கு ஒன்று வராது.

விலை ஏன் இப்படி ஏறியது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். பதுக்கல் என்று சந்தையில் சிலர் கோபமாகச் சொன்னார்கள். நான் நம்புவது என் மாமாவை. அம்மையின் தம்பி, குலசேகரம் பக்கம் இருக்கிறார். நாற்பது தென்னை வைத்திருக்கிறார். அறுபது வருடமாக மரத்தடியிலேயே நிற்கிற மனுஷன்.

அவர் சொன்னது இது. தென்னை உடனே கோபப்படாது. வெயில் அடித்த வருடம் காய்த்துக்கொண்டுதான் இருக்கும். பாளை வெடித்த பிறகு காய் முற்றவே ஒரு வருடம் ஆகும். அந்தப் பாளையின் கரு மரத்துக்குள்ளே உருவாவது அதற்கும் ரொம்ப முன்னாலே. அதனால் இன்றைக்குத் தாகப்பட்ட மரம் ஒன்றரை, இரண்டு வருடம் கழித்துத்தான் காயைக் குறைத்துக் காட்டும். 2023லும் 2024 கோடையிலும் எல் நினோ வெயில் காய்ந்ததே, அதற்கான கணக்கைத்தான் இந்த வருடம் கொடுக்கிறோம். பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் இதே கதை, அதனால் உலகச் சந்தையிலேயே தேங்காயெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. அதற்கு மேல் வெள்ளை ஈ. 2016ல் பொள்ளாச்சியில் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ இன்றைக்கு எங்கள் ஊர் ஓலையிலும் அடையாக ஒட்டிக்கிடக்கிறது. அது உறிஞ்சிய பிறகு வடியும் பசையில் கரும்பூசணம் படர்ந்து, ஓலை கரி பூசினதுபோல ஆகிவிடுகிறது. பொள்ளாச்சிப் பக்கம் வேர் வாடல் நோயால் தோப்புத் தோப்பாக மரத்தை வெட்டித் தள்ளியிருக்கிறார்கள். கொப்பரைக்கும் எண்ணெய்க்கும் விலை சொல்லும் சந்தை காங்கேயம். அந்தப் பகுதியிலேயே காய் குறைந்துவிட்டால் வடசேரிச் சந்தையில் விலை நிற்குமா?

இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்குள் தைத்தது. "2023ல தேங்கா எட்டு ரூவாய்க்கு எடுக்க ஆளில்லாம கெடந்துச்சே மக்ளே, அப்போ நீ ஒரு நாளாவது வருத்தப்பட்டு எழுதினியா?"

நான் எழுதவில்லை. அன்றைக்குத் தேங்காய் மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு கூடுதலாக வாங்கிப் பர்பி கிண்டினேன். அந்த வருடம் கொப்பரை விலை அரசாங்கம் நிர்ணயித்த ஆதரவு விலைக்கும் கீழே போய், நாஃபெட் என்ற கூட்டுறவு அமைப்பின் கொள்முதலுக்கு விவசாயிகள் வரிசையில் நின்றார்கள். மரம் ஏறுகிறவருக்கு ஒரு மரத்துக்குக் கொடுக்கும் கூலி, அந்த மரத்தில் விழும் காயின் விலையில் பாதியை எடுத்துக்கொண்டது. அதனால் மாமா உரம் வைப்பதை நிறுத்தினார். அக்கம்பக்கத்தில் பலர் முற்ற விடாமல் இளநீராகவே வெட்டி லாரியில் ஏற்றினார்கள், அதில் கைமேல் காசு. இன்றைக்குக் காய் இல்லாமல் போனதற்கு அந்த மலிவு விலையும் ஒரு காரணம். நான் அன்றைக்கு மிச்சப்படுத்தியதைத்தான் இன்றைக்குத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று மாமா சொல்கிறார். மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2025 பருவத்துக்கு மத்திய அரசு அரவைக் கொப்பரைக்குக் குவிண்டாலுக்கு 11,582 ரூபாய் ஆதரவு விலை வைத்தது. சந்தை விலை அதைப் போல இரண்டு மடங்கில் நின்றது. மாமா இந்த வருடம் மோட்டார் மாற்றினார், மரத்துக்கு வேப்பம்பிண்ணாக்கு வைத்தார், மாமியின் அடகு நகையைத் திருப்பினார். மாமி அந்த வளையலைப் போட்டுக்கொண்டு ஆவணியில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மை அவள் கையைப் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விலை இறங்கிவிட வேண்டும் என்று நான் எப்படி வேண்டிக்கொள்வேன்? விளைவிக்கிறவருக்குக் கிலோவுக்கு 30 ரூபாயாவது நின்று, வாங்குகிறவருக்கு 45க்குள் கிடைத்தால் இரண்டு வீடும் பிழைக்கும். இப்படி ஏறியும் இறங்கியும் ஊஞ்சல் ஆடுகிற விலையில் ஒரு வருடம் மாமா வீடு அழுகிறது, மறு வருடம் என் வீடு.

இனி உப்பேரி.

பதினோரு வருடமாகப் போடுகிறேன். ஏத்தங்காயைத் தோல் சீவி மஞ்சள் தண்ணீரில் போட்டு எடுத்து, எண்ணெய்க்கு மேலேயே சீவி விழவைத்து, பாதி வெந்ததும் உப்புத் தண்ணீர் தெளித்து, சலசலப்பு அடங்கியதும் கோரி எடுப்பது. நாலு கிலோ காய்க்கு ஒரு கிலோ உப்பேரி கிடைக்கும். அந்த ஒரு கிலோ 350 கிராம் எண்ணெயையாவது குடித்திருக்கும். 2024 ஓணத்துக்குக் காய் 160, எண்ணெய் 70, கேஸும் கவரும் 20 என்று அடக்கம் 250 ரூபாய். 340க்குக் கொடுத்தேன், கிலோவுக்கு 90 நின்றது. 42 கிலோ போட்டேன்.

இந்த வருடம் செப்டம்பர் 5 திருவோணம். ஆகஸ்ட் கடைசியில் காய் 180, எண்ணெய் 157, கேஸும் கவரும் 25. சிலிண்டர் ஏப்ரலிலேயே 50 ரூபாய் ஏறிவிட்டது. அடக்கமே 362. நான் 450 என்று சொன்னேன். கிலோவுக்கு 88 ரூபாய் நிற்கிறது, போன வருடத்தைவிட இரண்டு ரூபாய்தான் குறைவு. ஆனால் 42 கிலோ 19 கிலோவாகிப் போனது. வருடா வருடம் மூன்று கிலோ வாங்கும் டீச்சர் ஒருவர் அரைக் கிலோ போதும் என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அவரவர் வீட்டிலும் இதே எண்ணெய்தானே.

இன்னொரு பெண், பக்கத்துத் தெரு, என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னாள். "அக்கா, பாதி பாமாயில் கலந்து போடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?" ஒரு ராத்திரி முழுக்க அதை யோசித்தேன். 19 கிலோவில் கிடைத்தது 1,700 ரூபாய்கூட இல்லை. போன வருடம் 3,780. மகனுடைய விடுதியில் உணவுக் கட்டணம் ஏற்றியிருந்தார்கள், அதற்கு இந்தப் பணத்தைத்தான் கணக்குப் பண்ணியிருந்தேன். ஆனால் அம்மை வீட்டில் உட்கார்ந்திருக்க, தேங்காயெண்ணெய் உப்பேரி என்று எழுதி ஒட்டிய கவரில் வேறு எண்ணெயில் பொரித்ததைப் போட என்னால் முடியவில்லை. விலை கூடின உடனே கலப்படமும் கூடிவிட்டது. கேரளத்தில் உணவுப் பாதுகாப்புத் துறை ஆயிரக்கணக்கான லிட்டர் சந்தேக எண்ணெயைப் பிடித்ததாக ஓணத்துக்கு முன்பு செய்தி வந்தது. வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள், உறைகுளிர்ப் பெட்டியில் அல்ல, கீழ்த்தட்டில். நல்ல தேங்காயெண்ணெய் முழுக்க வெண்மையாக உறையும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் பெரும்பாலும் மேலே உறையாத ஒரு அடுக்கு நிற்கும். சில பொருட்களைக் கலந்தால் இதில் தெரியாமலும் போகலாம், ஆனாலும் வீட்டில் செய்யக்கூடிய முதல் சோதனை இது.

ரேஷனில் மாதம் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும், ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் இந்த வருடம் எத்தனையோ வீடு தள்ளாடியிருக்கும், நன்றியோடுதான் சொல்கிறேன். பப்படமும் பூரியும் நான் அதில்தான் பொரிக்கிறேன். ஆனால் அவியலின் மேலே பச்சையாக ஊற்றும் அந்த ஒரு கரண்டிக்குப் பாமாயில் ஆகாது. ரேஷனில் தேங்காயெண்ணெய் கொடுங்கள் என்று தமிழ்நாட்டுத் தென்னை விவசாயிகள் பல வருடமாகக் கேட்கிறார்கள். விலை விழுந்த வருடங்களில் கேட்ட கோரிக்கை அது. அந்த வருடங்களிலேயே தொடங்கியிருந்தால் மாமாவுடைய காய்க்கு நிச்சயமான ஒரு கொள்முதல் இருந்திருக்கும், அவர் உரம் வைப்பதை நிறுத்தியிருக்க மாட்டார், இந்த வருடம் என் பாட்டிலிலும் கொஞ்சம் எண்ணெய் இருந்திருக்கும். மாநிலம் முழுக்க முடியாது என்றால் குமரி மாவட்டத்துக்காவது மாதம் அரை லிட்டர் கொடுக்கலாம். இங்கே அதைச் சமையலுக்குத்தான் வாங்குகிறார்கள். இது எனக்கு ஆசையல்ல, நியாயமாகத் தோன்றுவது.

மகளிர் உரிமைத் தொகை எனக்கு வருகிறது. 2023 செப்டம்பரில் முதல் 1,000 ரூபாய் வந்தபோது அதில் ஐந்து கிலோ தேங்காயெண்ணெய் வாங்கலாம். இந்த 2025 நவம்பரில் இரண்டரை கிலோவுக்கும் போதாது. தொகை அதேதான், எண்ணெய்தான் பாதியாகிவிட்டது.

செப்டம்பர் 22லிருந்து ஜிஎஸ்டி குறைந்ததில் சோப்பு, பற்பசை, ஷாம்பு எல்லாம் 18லிருந்து 5க்கு வந்தது. மாதச் சாமானில் 90 ரூபாய் போல மிச்சம். சின்ன பாட்டில் தேங்காயெண்ணெய் சமையலுக்கா தலைக்கா என்று பல வருடம் நடந்த வரி வழக்கில், தலைக்கு என்று சொல்லி விற்காதவரை அது சமையல் எண்ணெய்தான் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எங்கள் வீட்டில் அந்த வழக்கே கிடையாது. ஒரே குப்பிதான், காலையில் தோசைக்கல்லுக்கு, குளிக்கப் போகும்போது தலைக்கு. சமையல் எண்ணெய்க்கு முன்பும் 5 விழுக்காடு, இப்போதும் 5. அதனால் இங்கே ஒரு மாற்றமும் இல்லை.

தங்கத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. ஜனவரியில் பவுன் 57,000 போல இருந்தது, தீபாவளிக்கு முன்னால் 97,000ஐத் தாண்டியது. விலைவாசிக் கணக்கில் தங்க நகை இருப்பது சோப்பும் பற்பசையும் இருக்கும் அதே தொகுதியில் என்று படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. என் நாத்தனாருடைய மகளுக்குத் தை மாதம் கல்யாணம். அந்த வீட்டில் இப்போது ராத்திரி யாரும் சரியாகத் தூங்குவதில்லை.

திங்கட்கிழமை கார்த்திகை ஒன்று. அவர் மாலை போடுகிறார். இது பத்தொன்பதாவது வருடம். 41 நாள் வீட்டில் மீன் கிடையாது. மீன் இல்லாத அடுக்களையில் எங்களுக்குக் கைகொடுப்பது தேங்காய்தான். அவியல், எரிசேரி, தீயல், துவரன் என்று மாறி மாறி வரும், எதிலும் அதில்லாமல் முடியாது. இருமுடிக்கு வேறு. நெய்த்தேங்காய் ஒன்று, உடைக்க இரண்டு. நல்ல காயாக, கண் மூடி, கீறல் இல்லாமல் பார்த்து எடுத்து, நார் துளியும் இல்லாமல் சுரண்டி, கண்ணைத் திறந்து இளநீரை வடித்து நெய் ஊற்ற வேண்டும். நெய்க்கு வரி 12லிருந்து 5க்கு வந்ததில் அது கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அதைச் சுமக்கிற தேங்காய்தான் ஏறியிருக்கிறது.

நேற்று உட்கார்ந்து 41 நாளுக்குக் கணக்குப் போட்டேன். நாளுக்கு அரைத் தேங்காய் என்று வைத்தாலும் இருபத்தொன்று. பூஜைக்கும் கன்னிசாமிமார் வரும் நாட்களுக்கும் சேர்த்து முப்பது வேண்டும். மாமாவுக்குப் போன் போட்டேன். சந்தை விலைக்குக் கொடுங்கள், ஆனால் உங்கள் மரத்துக் காயாக முப்பது வேண்டும் என்றேன்.

"அய்யப்பனுக்குப் போற காய்க்கு வெலையா சொல்லுவேன்?"

"அது மூணு காய்தான் மாமா. மிச்சம் இருபத்தேழும் எங்க வயித்துக்கு. அதுக்கு நீங்க காசு வாங்கித்தான் ஆகணும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கிலோவுக்கு 50 சொன்னார், வடசேரியில் 72 போகிறது. நான் 60 என்றேன். அவர் குறைக்கவும் நான் கூட்டவும், இப்படி ஒரு பேரத்தை நான் வாழ்க்கையில் பேசினதில்லை. கடைசியில் 55ல் நின்றோம். ஞாயிற்றுக்கிழமை காலைப் பஸ்ஸில் சாக்கு வருகிறது.

அம்மையிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். உள்ளி உரித்துக்கொண்டிருந்தவள் இன்னும் ஒரு பிடி எடுத்து முறத்தில் போட்டாள்.

"அப்போ ஞாயித்துக்கெழமை தீயல் நான் வைக்கேன். நீ பக்கத்துல வராண்டாம்."